கன உலோக அயனிகளைப் பிரித்தறியும் ஒளிர் உணரிகள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நீரில் கரைந்திருக்கும் பாதரசம், காரீயம், காட்மியம் போன்றவற்றைக் கண்டதும் ஒளிரும் மூலக்கூறுகளைச் செய்து பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. ஆய்வகத்தைப் பார்க்க வரும் பள்ளி ஆசிரியர்கள், ஆய்வுத் திட்டத்துக்காக வந்து சேரும் முதுகலை மாணவர்கள், ஊர்க் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். 'ஈயம்' என்று பாடநூல் சொல்வது ஒன்று, சமையலறை சொல்வது வேறொன்று. குழப்பம் வராமலிருக்க, நஞ்சான உலோகத்தைக் காரீயம் என்றும், ரசச் சொம்பு செய்யும் உலோகத்தை வெள்ளீயம் என்றும் எழுதுகிறேன்.

உணரி என்கிறீர்களே, அது கருவியா, மருந்தா, பொடியா?

பொடிதான். அதுவும் ஒரு சிட்டிகைக்குக் குறைவு. சில மில்லிகிராம் கரைத்து வைத்தால் பல நாள் சோதனைக்கு வரும். அந்தப் பொடியின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உலோக அயனியைப் பிடிக்கிறது, மற்றது ஒளிர்கிறது. பிடிக்கும் பகுதியில் அயனி வந்து உட்கார்ந்ததும் ஒளிரும் பகுதியின் நடத்தை மாறுகிறது. கருவி என்பது அந்த ஒளியை அளக்க மட்டுமே தேவை. வெறுமனே பார்ப்பதற்கு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் இருட்டான ஒரு மூலையும் போதும்.

வருபவர்களுக்கு நான் காட்டுவது ரோடமின் என்ற சாயத்திலிருந்து செய்த உணரியை. குழாயில் அது தண்ணீரைப் போலவே நிறமற்று இருக்கும். பாதரச உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டால், இளஞ்சிவப்பு நூல் ஒன்று மெல்ல அடியை நோக்கி இறங்கும். குழாயை இரண்டு முறை சுழற்றினால் முழுவதும் பன்னீர் ரோஜா நிறமாகிவிடும். டார்ச் ஒளியில் அது ஆரஞ்சுத் தணலாக ஒளிரும். பக்கத்துக் குழாயில் அதே உணரிக்குக் கால்சியம் உப்பை எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் நடக்காது. இந்த இரண்டு குழாய்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளிர்வு என்றால் இருட்டில் தானாக மின்னுமா?

மின்னாது. மேலே ஒளி படும்வரைதான் ஒளிரும், விளக்கை அணைத்தால் அந்தக் கணமே நின்றுவிடும். சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி உயர்ந்த ஆற்றல் நிலைக்குப் போகிறது. சில நானோ நொடிகளில் கீழே இறங்கும்போது ஒளியை உமிழ்கிறது. ஃப்ளூரசீன் என்ற சாயத்துக்கு இந்த இடைவெளி சுமார் 4 நானோ நொடி. விளக்கணைத்த பிறகும் நெடுநேரம் மின்னும் சுவர் ஸ்டிக்கர்கள் வேறு வகை, அதை நின்றொளிர்தல் என்கிறோம்.

விழுங்கும் ஒளியைவிட உமிழும் ஒளியின் அலைநீளம் அதிகம். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார். அவர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று குயினின் கரைசல். கடையில் விற்கும் டானிக் வாட்டரில் குயினின் இருப்பதால், புற ஊதா டார்ச் பட்டால் அது நீலமாக ஒளிரும். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பாதுகாப்பான சோதனை இது.

உலோகம் வந்து உட்கார்ந்தால் ஒளி ஏன் வரவேண்டும்? இடையில் என்ன நடக்கிறது?

பல வழிகள் உண்டு. அதிகம் பயன்படுவது ஒளித்தூண்டல் எலக்ட்ரான் இடமாற்றம். பிடிக்கும் பகுதியில் உள்ள நைட்ரஜனிடம் ஒரு தனித்த எலக்ட்ரான் இணை இருக்கிறது. சாயம் ஒளியை விழுங்கியவுடன் நைட்ரஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் சாயத்துக்குத் தாவி, ஒளியாக வரவேண்டிய ஆற்றலை வெப்பமாக வீணடித்துவிடுகிறது. உலோக அயனி வந்து அந்த எலக்ட்ரான் இணையைத் தனக்கு இழுத்துக்கொண்டால் தாவல் நின்றுவிடும், சாயம் ஒளிரத் தொடங்கும். இந்த வழியை ஓர் ஒழுங்கான வடிவமைப்பு முறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையில் பிறந்து கொழும்பில் படித்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ.பி. டி சில்வா. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளக்கும் மருத்துவக் கருவிகளில் இவ்வகை மூலக்கூறுகள் வேலை செய்கின்றன.

என் ரோடமின் குழாயில் நடப்பது வேறு. அங்கே சாய மூலக்கூறுக்குள் ஒரு வளையம் மூடியிருக்கிறது. மூடியிருக்கும்வரை நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. உலோகம் அந்த வளையத்தைத் திறந்துவிடுகிறது.

மூன்றாவது வகையில் ஒளியின் நிறமே நகர்கிறது. அப்போது இரண்டு அலைநீளங்களின் விகிதத்தை அளக்கலாம். விளக்கு மங்கினாலும், உணரி கொஞ்சம் குறைந்துபோனாலும் விகிதம் பெரிதாக மாறாது. 1985இல் ரோஜர் சியென் குழுவினர் கால்சியத்துக்காகச் செய்த ஃபுரா-2 இப்படிப்பட்டது. அதை 340, 380 நானோமீட்டர் ஒளிகளால் மாறி மாறித் தூண்டி அளப்பார்கள்.

நிறம் மாறுவதே கண்ணுக்குத் தெரிகிறதே, ஒளிர்வு எதற்கு?

நிறத்தை அளப்பது, கரைசலுக்குள் போன ஒளிக்கும் வெளியே வந்த ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது. மிகக் குறைந்த செறிவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். லாரி எடைபோடும் மேடையில் ஓட்டுநர் ஏறினாரா என்று பார்ப்பதைப் போன்றது. ஒளிர்வில் பின்னணி இருள். அந்த இருளில் வரும் சிறு ஒளியும் தனித்துத் தெரியும்.

கன உலோகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? துத்தநாகம் உடம்புக்கு நல்லதுதானே, அதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

'கன உலோகம்' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட திட்டவட்டமான வரையறை கிடையாது. 2002இல் உலக வேதியியல் ஒன்றியத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லையோ என்று தலைப்பிலேயே கேட்டது. ஆகவே பட்டியலைவிட எண்களைப் பார்ப்பது நல்லது. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் ஒரு லிட்டருக்கு ஏற்கத்தக்க அளவு காரீயத்துக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001. துத்தநாகத்துக்கோ 5 மில்லிகிராம்.

துத்தநாகத்தைச் சேர்ப்பதன் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவு துத்தநாகம் உள்ள ஒரு நீரில், எல்லை அளவில் காட்மியமும் இருந்தால், ஒரு காட்மியம் அயனிக்குச் சுமார் 2,900 துத்தநாக அயனிகள் இருக்கும். இரண்டும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பவை. நல்லவர்கள் நிறைந்த கூட்டத்தில் முகச்சாயல் ஒத்த ஒரு கெட்டவனைத் தேடுவதுதான் இந்த வேலை.

எல்லாமே இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனிகள். ஒரு மூலக்கூறுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

முதலில் அளவு. ஆறு அணுக்கள் சூழ்ந்த நிலையில் தாமிர அயனியின் ஆரம் சுமார் 73 பிக்கோமீட்டர், துத்தநாகம் 74, காட்மியம் 95, பாதரசம் 102, காரீயம் 119. பிடிக்கும் பகுதியை ஒரு வளையமாகச் செய்தால் அதன் குழிக்குப் பொருந்தும் அயனி நன்றாக உட்காரும். ஆனால் அளவு மட்டும் போதாது. கால்சியம் 100 பிக்கோமீட்டர், கிட்டத்தட்ட காட்மியத்தின் அளவுதான். அதனால்தான் கால்சியத்துக்காகச் செய்த ஃபுரா-2 காட்மியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, யாருக்கு எது பிடிக்கும் என்பது. 1963இல் பியர்சன் என்ற வேதியியலாளர் அயனிகளையும் ஈனிகளையும் (அயனியோடு வந்து பிணைபவை) வன்மையானவை, மென்மையானவை என்று வகுத்தார். வன்மை வன்மையைத் தேடும், மென்மை மென்மையைத் தேடும். கால்சியமும் மக்னீசியமும் ஆக்சிஜனை நாடும். பாதரசம் கந்தகத்தைக் கண்டால் விடாது. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி கொண்ட சேர்மங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் சைசே வைத்த பெயர் 'மெர்காப்டன்'. பாதரசத்தைப் பிடிப்பது என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. பாதரச உணரிகள் பெரும்பாலானவற்றில் எங்காவது ஒரு கந்தகம் ஒளிந்திருப்பது இதனால்தான்.

மூன்றாவது, உட்காரும் விதம். பாதரசத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அணு, நேர்கோட்டில் அமைந்தால் பிடிக்கும். துத்தநாகம் பெரும்பாலும் நான்முகி வடிவத்தில் நிறைவடையும். காரீயத்துக்கு ஒரு தனித்த எலக்ட்ரான் இணை இருப்பதால் ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் அமைவதுண்டு. நல்ல உணரியை வடிவமைப்பவர் இந்த மூன்றையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

காட்மியத்தையும் துத்தநாகத்தையும் உண்மையிலேயே பிரிக்க முடியுமா? எங்கள் உணரி இரண்டுக்கும் ஒளிர்கிறது.

ஆய்வு மாணவர்கள் அதிகம் மனம் சோர்ந்து கேட்கும் கேள்வி இது. இரண்டுக்கும் வெளிப்புற டி எலக்ட்ரான்கள் பத்தும் நிரம்பியிருக்கின்றன. அதனால் இரண்டுமே ஒளியைத் தணிப்பதில்லை. குவினோலின் என்ற வளையச் சேர்மம் சேர்ந்த உணரிகள் பலவும் இரண்டையும் பிடித்து ஒளிரும். ஆரத்தில் உள்ள 21 பிக்கோமீட்டர் வேறுபாடும், காட்மியத்துக்குக் கந்தகத்தின்மேல் சற்றுக் கூடுதலாக உள்ள நாட்டமும்தான் கையில் இருக்கும் பிடிகள். பிடிக்கும் பகுதியில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் தராசு காட்மியத்தின் பக்கம் சாயும்.

இன்னொரு வழி, பிடிப்பதைத் தடுக்காமல் ஒளியின் நிறத்தில் வேறுபாடு காட்டுவது. 2010இல் வெளிவந்த நாப்தலிமைடு என்ற சாயத்தால் ஆன ஓர் உணரி துத்தநாகத்துக்குப் பச்சையாகவும் காட்மியத்துக்கு நீலமாகவும் ஒளிர்ந்தது. இரண்டு அயனிகளோடும் அந்த மூலக்கூறின் அமைடு பகுதி வெவ்வேறு வடிவத்தில் பிணைவதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று. உங்கள் உணரி இரண்டுக்கும் ஒளிர்கிறது என்றால் தூக்கிப்போடாதீர்கள். முழு நிறமாலையையும் எடுத்து உச்சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஓர் அலைநீளத்தில் அளந்துவிட்டு முடிவு கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு.

ஒளி அணைந்தாலும் உலோகம் வந்துவிட்டது என்றுதானே பொருள்? அதையே உணரியாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அணைப்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. தாமிர அயனிக்கு இணையற்ற ஓர் எலக்ட்ரான் இருப்பதால் பெரும்பாலான சாயங்களை அணைத்துவிடும். பாதரசமும் காரீயமும் கனமான அணுக்கள் என்பதாலேயே சாயத்தின் உயர்ந்த ஆற்றல் நிலையை ஒளியில்லாத வழிக்குத் திருப்பிவிடக்கூடும். ஒளி குறைந்தது என்ற ஒரே தகவலை வைத்து வந்தது யார் என்று சொல்வது கடினம்.

இதில் இரும்பு தனிக் கதை. கார்பன் புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நுண்துகள்களை வைத்து இரும்புக்கு உணரி செய்ததாக ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. மும்மின்சுமை இரும்பு அயனி 300 முதல் 400 நானோமீட்டர்வரை ஒளியை நன்றாக விழுங்கும். உணரியைத் தூண்ட வேண்டிய ஒளியை இரும்பே குடித்துவிட்டால், பிணைப்பு எதுவும் இல்லாமலேயே ஒளிர்வு குறையும். இதற்குத் திருத்தம் செய்யாமல் 'தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறது' என்று எழுதுவது சரியல்ல. ஒளிர்வு ஆயுளையும், அதாவது ஒளியை விழுங்கியதற்கும் உமிழ்வதற்கும் உள்ள இடைவெளியையும், அளந்து பாருங்கள். அது மாறவே இல்லை என்றால் இந்த மறைப்பைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

ஒருமுறை ஒளிர்ந்த உணரியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

வகையைப் பொறுத்தது. மூன்றாம் கேள்வியில் சொன்ன எலக்ட்ரான் தாவல் வகை பெரும்பாலும் மீளக்கூடியது. உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தைச் சேர்த்தால் அது உலோகத்தைப் பறித்துக்கொள்ளும், உணரி பழைய நிலைக்குத் திரும்பும். இந்தச் சோதனையை எல்லோரும் கட்டாயம் செய்யவேண்டும்.

ரோடமின் வகையில் சில மீளும், சில மீளாது. 1997இல் ஆண்டனி ஸார்னிக் குழுவினர் ரோடமின் ஹைட்ரசைடைத் தாமிரத்துக்குப் பயன்படுத்தியபோது, தாமிரம் அந்த மூலக்கூறை நீராற்பகுத்து சாயத்தையே விடுவித்தது. 2005இல் தென் கொரியாவில் செய்த பாதரச உணரியில், பாதரசம் மூலக்கூறின் கந்தகத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், மீதி ஒரு புதிய வளையமாக மூடிக்கொள்ளும். தீக்குச்சியை ஒருமுறைதான் உரசலாம் என்பதைப் போல இவை ஒருமுறைக்கானவை. அதில் ஒரு நன்மையும் உண்டு. வேதிவினை நடந்தால்தான் ஒளி என்பதால், வெறுமனே வந்து ஒட்டும் மற்ற அயனிகள் ஏமாற்றுவது குறைவு.

எங்கள் உணரி 1 மைக்ரோமோலார்வரை கண்டுபிடிக்கிறது. மிகக் குறைந்த அளவுதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மைக்ரோமோலார் என்பது ஒரு லிட்டரில் ஒரு மோலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நானோமோலார் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1 மைக்ரோமோலார் பாதரசம் என்பது லிட்டருக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். குடிநீர் எல்லை 1 மைக்ரோகிராம். அதாவது எல்லையைப்போல் 200 மடங்கு நஞ்சு இருந்தால்தான் உங்கள் உணரி கண்விழிக்கும். காரீயத்தில் 1 மைக்ரோமோலார் என்பது 207 மைக்ரோகிராம், எல்லையோ 10. குடிநீருக்கு என்று சொல்ல வேண்டுமானால் பாதரசத்துக்கு 5 நானோமோலார், காட்மியத்துக்கு 27, காரீயத்துக்கு 48 என்ற அளவுகளைத் தொடவேண்டும்.

ஆனால் ஆலைக் கழிவுநீர், ஆய்வகக் கழிவு ஆகியவற்றுக்கு மைக்ரோமோலார் உணரியும் பயன்படும். எதற்காகச் செய்தோம் என்பதை நேர்மையாக எழுதினால் போதும்.

பதினைந்து உலோகங்களைத் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தேன். பாதரசத்துக்கு மட்டும் ஒளிர்ந்தது. வேலை முடிந்ததுதானே?

பாதிதான் முடிந்திருக்கிறது. பதினைந்து குழாய்களை வரிசையாக வைத்து ஒன்று மட்டும் ஒளிரும் புகைப்படம் அழகாக இருக்கும். ஆனால் எந்தக் கிணற்றிலும் உலோகங்கள் தனித்தனிக் குழாயில் காத்திருப்பதில்லை. மற்ற அயனி ஒளிரச்செய்யவில்லை என்பதற்கு அது பிணையவில்லை என்று பொருளல்ல. தாமிரம் சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால், பின்னால் வரும் பாதரசத்துக்கு இடமிருக்காது. அப்போது நஞ்சு இருக்கும், ஒளி இருக்காது. குடிநீரைச் சோதிப்பவருக்கு இதைவிட ஆபத்தான தவறு இல்லை.

ஆகவே மற்ற உலோகத்தை முதலில் சேர்த்து, பிறகு பாதரசத்தைச் சேர்த்து, ஒளி முழு அளவில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றோடும் பார்க்கவேண்டும், எல்லாம் கலந்த கரைசலிலும் பார்க்கவேண்டும். அளவும் முக்கியம். சம அளவு கால்சியத்தோடு சோதிப்பது போதாது. லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள சாதாரணக் குடிநீரில், எல்லை அளவு காரீயம் இருந்தால் ஒரு காரீய அயனிக்குச் சுமார் 39,000 கால்சியம் அயனிகள் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவிலும் உணரி காரீயத்தை அடையாளம் காட்டினால், அதைப் பிரித்தறிதல் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆய்வகத்தில் அருமையாக ஒளிர்ந்தது, குழாய் நீரில் ஊற்றினால் ஊமையாகிவிட்டது. ஏன்?

பெரும்பாலான உணரிகள் அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் சோதிக்கப்பட்டவை. அங்கே அயனி ஏறக்குறைய தனியாக நிற்கிறது. நீரில் ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, அவற்றை விலக்கித்தான் உணரி உள்ளே போகவேண்டும். போதாததற்கு நீரில் குளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே பாதரசம் பெரும்பாலும் குளோரைடோடு சேர்ந்துவிடும். ஏரி நீரில் உள்ள மட்கிய பொருள்கள் தாங்களே நீலமாக ஒளிரும், உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும். அமிலத்தன்மை கூடினால் நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொண்டு, உலோகம் இல்லாமலேயே உணரியை ஒளிரவைக்கும்.

என் அனுபவத்தில் இரண்டைச் சொல்கிறேன். தொடக்கக் காலத்தில் காரீய உணரி ஒன்றைப் அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வைத்து ஒரு வாரம் போராடினேன். ஒளி வரவே இல்லை. ஒருநாள் குழாயைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தபோது, புகைபோல் மெல்லிய வெண்கலங்கல் தெரிந்தது. நான் சேர்த்த காரீயம் முழுவதும் காரீயப் பாஸ்பேட்டாக வீழ்படிந்திருந்தது. இன்னொரு முறை, துத்தநாக உணரி எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைசலிலேயே ஒளிர்ந்தது. மூன்று நாள் கண்ணாடிக் கலன்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிறகுதான், கையுறை நுனி கரைசலில் நனைந்ததைக் கவனித்தேன். ரப்பர் கையுறைத் தயாரிப்பில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு மூலக்கூறு தேடுவதற்குப் பதில், எல்லாவற்றையும் சேர்த்துப் பிரிக்க வழியில்லையா?

இருக்கிறது, எதிர்காலம் அந்தப் பக்கம்தான் என்று நான் நம்புகிறேன். நம் நாக்கில் 'ரசம்' என்று தனி உணரி கிடையாது. புளிப்பும் காரமும் உப்பும் மணமும் சேர்ந்த கலவையைப் பார்த்து மூளைதான் ரசம் என்று சொல்கிறது. அதேபோல, முழுத் தேர்வுத்திறன் இல்லாத எட்டு அல்லது பத்து உணரிகளைச் சிறு குழிகளில் வரிசையாக வைத்து, ஒவ்வோர் உலோகமும் எந்தக் குழியை எவ்வளவு கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்ற கோலத்தைப் பதிவுசெய்யலாம். புள்ளியியல் முறையால் அந்தக் கோலங்களைப் பிரிக்கலாம். எட்டாம் கேள்வியில் குறையாகச் சொன்ன 'அணைப்பது' இங்கே பயனுள்ள தகவலாகிவிடும்.

குறை என்னவென்றால், பழக்காத ஒன்றை அது அடையாளம் காணாது. தெரிந்தவற்றில் எது நெருக்கமோ அதன் பெயரைச் சொல்லிவிடும். கலவைகளையும் பழக்கவேண்டும்.

டி.என்.ஏ. வைத்துக்கூட உலோகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஆம். டி.என்.ஏ.யில் உள்ள தைமின் என்ற காரம் இரண்டு சேர்ந்து, நடுவில் ஒரு பாதரச அயனியை நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளும். ஜப்பானியர்கள் 2004இல் இதை உணரியாக்கினார்கள். இழை மடங்கும்போது அதன் இரு முனைகளும் நெருங்கி ஒளி மாறுகிறது. ஆறாம் கேள்வியில் சொன்ன பாதரசத்தின் நேர்கோட்டு விருப்பம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

காரீயத்துக்கு வேறு உத்தி. 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யீ லூ குழுவினர், காரீயம் இருந்தால் மட்டும் இன்னோர் இழையை வெட்டும் டி.என்.ஏ.யைப் பயன்படுத்தினார்கள். வெட்டுண்ட துண்டு ஒளியணைப்பானிடமிருந்து விலகிப்போய் ஒளிர்கிறது. நீரிலேயே வேலை செய்வது இவற்றின் பெரிய பலம்.

கொடைக்கானல் பாதரசத்தை இந்த உணரி காட்டிக்கொடுக்குமா?

கேட்பவரின் அக்கறை புரிகிறது. கொடைக்கானலில் இயங்கி 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறியது முதன்மையாகத் தனிம நிலைப் பாதரசம், அதாவது உருண்டோடும் அந்தத் திரவமும் அதன் ஆவியும். நமது உணரி பார்ப்பது நீரில் கரைந்த அயனியை மட்டுமே. தனிமப் பாதரசம் இருக்கும் மண்ணை நீரில் கலக்கி உணரியைச் சேர்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து 'பாதரசம் இல்லை' என்று சொல்வது பெரும் பிழை. மண்ணை அமிலத்தில் செரித்து எல்லாவற்றையும் அயனியாக்கிய பிறகே அளக்கவேண்டும்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம் இன்னொரு வடிவம், மெத்தில் பாதரசம். அது மீனில் சேர்ந்து மனிதருக்கு வந்தது. கந்தகத்தைப் பிய்க்கும் உணரிகளில் சில அதற்கும் ஒளிரும், பல ஒளிராது. ஆகவே உணரி ஒன்றைப் பற்றி யாராவது சொன்னால், 'எந்தப் பாதரசத்துக்கு?' என்று கேளுங்கள்.

வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம். ரசத்தில் உணரியை ஊற்றிப் பார்க்கலாமா?

நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அஞ்ச வேண்டியது, அதில் மலிவான காரீயம் கலந்திருக்குமோ என்பதற்கு.

ரசத்தில் ஊற்றிப் பார்ப்பதில் பயனில்லை. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மஞ்சளில் உள்ள குர்குமின் தானே பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். உணரி எதையும் தெளிவாகக் காட்டாது. பீங்கான் பாத்திரங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அமிலத்தில் இறங்கிய காரீயத்தை அளப்பார்கள். அதே போக்கில், வினிகர் ஊற்றி வைத்த நீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்து அளக்கச் சொல்வதுதான் சரியான வழி. உணரி சேர்த்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் தூளில் கலக்கும் காரீயக் குரோமேட்டைப் பிடிக்கலாமா?

நேரடியாக முடியாது. காரணம் மேலே சொன்ன குர்குமின் ஒளிர்வுதான். கூடவே, காரீயக் குரோமேட் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். தூளைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு முயலலாம்.

ஐ.சி.பி.எம்.எஸ். கருவி எல்லா உலோகத்தையும் துல்லியமாகச் சொல்லிவிடுமே. பிறகு இந்தப் பாடு எதற்கு?

மொத்த அளவு வேண்டுமானால், அணுக்களை அயனியாக்கி நிறையைக் கொண்டு எண்ணும் அந்தக் கருவிதான் சிறந்தது. அறிக்கை எழுதவேண்டிய இடத்தில் நானும் அதற்குத்தான் அனுப்புகிறேன். ஆனால் அது மாதிரியை ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் அணுக்களாக உடைத்துத்தான் எண்ணுகிறது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் காட்மியம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. நுண்ணோக்கியின் கீழ் ஒளிரும் உணரி சொல்லும். ஆற்றங்கரையில் நின்று ஐம்பது இடங்களில் நீர் எடுத்து, எந்த ஐந்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அங்கேயே முடிவெடுக்கவும் உணரி உதவும்.

சோதித்து முடித்த கரைசலைத் தொட்டியில் கொட்டிவிடலாமா? சில மில்லிலிட்டர்தானே?

கூடாது. 1 மில்லிமோலார் பாதரசக் கரைசல் 10 மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அதைக் குடிநீர் எல்லைக்கு நீர்த்துப்போகச் செய்ய 2,000 லிட்டர் நீர் வேண்டும். வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டு. பாதரசக் கழிவுக்குத் தனிப் பாட்டில், காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் தனிப் பாட்டில், மேலே உலோகத்தின் பெயரும் தேதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்குளோரேட் உப்புகளைப் பயன்படுத்தியிருந்தால் கழிவைச் சூடேற்றி வற்றவைக்க முயலாதீர்கள், வெடிக்கக்கூடும். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பாட்டில்கள் புகைபோக்கிப் பெட்டியின் இடது மூலையில், ஒரு நீல நிறத் தட்டில் நிற்கின்றன. புதிதாக வரும் மாணவருக்கு உணரியைக் கையில் கொடுப்பதற்கு முன் அந்த மூலையைத்தான் காட்டுகிறேன்.